பல்லனுக்கு மட்டும் மூடிய சேற்றுக்குட்டை

ஆற்றங்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே மணலி என்னும் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டை இட்டிருந்தாள். கூடு என்று ஒன்றும் கிடையாது. நாலு கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் முட்டையிடுவதுதான் ஆள்காட்டிகளின் வழக்கம். முட்டையும் கல்லின் நிறத்திலேயே இருக்கும். பார்த்து நடப்பவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பார்க்காமல் ஓடுகிறவர்கள் வந்தால் போச்சு.

ஆற்றுக்குக் கிழக்கே புங்கங்காடு. மேற்கே வேலங்காடு. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் முழங்காலளவுக்கு ஓடும் துறை ஒன்றே ஒன்றுதான். அந்தத் துறையின் கிழக்குக் கரையில் மணலிக்குக் காவல் வேலை. யார் ஆற்றைக் கடந்து வந்தாலும் அவர்கள் பேரை மூன்று தடவை கூவிச் சொல்ல வேண்டும். அவளுடைய பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிற வேலை அது. அவள் புருஷன் சிறகன் அடைகாக்க உட்கார்ந்தால் இவள் கூவுவாள். இவள் உட்கார்ந்தால் அவன் கூவுவான்.

கூவ ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஒரே சத்தத்தை விடிந்தது முதல் அடையும்வரை கேட்டால் காது அதை வேண்டாம் என்று தள்ளிவிடும் அல்லவா? அவள் "முயல் வருது" என்று கூவினாலும் சரி, "கரடி வருது" என்று கூவினாலும் சரி, புங்கங்காட்டில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மணலிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனாலும் ஒரு நாள்கூட அவள் கூவாமல் விட்டதில்லை.

இரண்டு காட்டுக்கும் பகை ஏதும் இருந்ததில்லை. புங்கங்காட்டில் உப்புமண் மேடு ஒன்று இருந்தது. வேலங்காட்டு மான்களும் மற்ற விலங்குகளும் வந்து அதை நக்கிவிட்டுப் போகும். வேலங்காட்டில் இலந்தை காய்த்துக் குலுங்கும். புங்கங்காட்டார் போய்த் தின்றுவிட்டு வருவார்கள். யாரும் யாரையும் கணக்குக் கேட்டதில்லை.

அந்தக் கோடையில்தான் வினை வந்தது. வேலங்காட்டில் கிழங்கு அற்றுப்போனது. ஏன் அற்றுப்போனது? கோரைப்பல்லன் என்ற காட்டுப்பன்றியும் அவன் கூட்டமும் மண்ணை உழுது வைத்ததுபோல் கிளறி, விதைக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்துவிட்டார்கள். அதை ஒத்துக்கொள்ள முடியுமா? அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்! வேலங்காட்டுப் பழைய தலைவரான கரடி, வயதாகிவிட்டது என்று சொல்லி விலகியிருந்தது. முதல் மழை விழுந்ததும் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாகப் பேச்சு. பல்லனுக்கு அந்த இடத்தின்மேல் ஒரு கண்.

துறைக்கு நேர் எதிரே, மேற்குக் கரையில், ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. ஒரு நாள் காலையில் பல்லன் அதன்மேல் ஏறி நின்றான். மணலி இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது.

"நம்ம கிழங்கெல்லாம் எங்கே போச்சு? ஆத்துக்கு அந்தாண்டை போச்சு! புங்கங்காட்டு முயலும் மானும் வந்து தோண்டித் தின்னுட்டுப் போகுதுங்க. கண்ட இடத்திலே மிதிங்க!"

மான் கிழங்கு தோண்டி யாராவது பார்த்திருக்கிறார்களா? கூட்டத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. வயிறு காய்ந்திருக்கிறவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு பேர் கிடைத்தது. அது போதுமாக இருந்தது. மறுநாளும் பேசினான். அதற்கு மறுநாளும் பேசினான். நாளுக்கு நாள் குரலும் ஏறியது, கூட்டமும் ஏறியது.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் ஆறு இளம் பன்றிகள் துறையில் இறங்கி ஓடி வந்தன. மணலி தொண்டை கிழியக் கூவினாள். யாரும் வரவில்லை. பன்றிகள் முயல்களைப் புதர் புதராகத் துரத்தின. ஒரு மான்குட்டியின் காலை முறித்தன. திரும்பி ஓடும்போது கூழாங்கற்களுக்கு மேலேயே ஓடின. சிறகன் இறக்கையை விரித்துக் குறுக்கே விழுந்து மறித்தும் ஒரு குளம்பு தப்பி வந்துவிட்டது.

நான்கு முட்டையில் ஒன்று போயிற்று.

உடைந்த முட்டை ஓட்டை மணலி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.  மிதித்த இளம் பன்றிகளின்மேல் வந்த கோபத்தைவிட, புற்றில் நின்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டவன்மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. மிச்சம் மூன்று முட்டை. பொரிக்க இன்னும் பன்னிரண்டு நாள் வேண்டும்.

அன்றைக்கே புங்கங்காட்டில் சபை கூடியது. தலைவர் மலையாண்டி என்ற காட்டெருமை. மெதுவாக யோசிப்பார், அதைவிட மெதுவாகப் பேசுவார். மந்திரி தோகையார் என்ற மயில். பேசிவிட்டு அப்புறம் யோசிப்பார். இளம் கலைமான்கள் கொம்பைச் சிலுப்பிக்கொண்டு, இப்போதே ஆற்றைக் கடந்து போய் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று குதித்தன. மணலிக்கு உயிரே போய்விட்டது. ஆற்றைக் கடப்பதென்றால் அவளுடைய துறை வழியாகத்தானே கடக்க வேண்டும்! நூறு குளம்பு போய், நூறு குளம்பு திரும்பி வந்தால் மூன்று முட்டை என்ன ஆவது?

நல்லவேளையாக மலையாண்டி சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேசினவனுக்கு மட்டும் தடை விதிக்கலாம் என்றார். மணலிக்கு மூச்சு வந்தது. தடை என்ற சொல்லைக் கேட்டதுமே தோகையார் தோகையை விரித்துவிட்டார்.

"கோரைப்பல்லன் இனிமேல் நமது தேன்பாறையில் ஏறக்கூடாது!" என்றார்.

பல்லன் பிறந்த நாளிலிருந்து பாறை ஏறியவன் அல்ல. அவன் கால் நீளத்துக்கு ஏறவும் முடியாது. மணலி சபையின் ஓரத்திலிருந்து, ஐயா, அவனுக்குப் பாறை எதற்கு, அவன் தினமும் வருவது வேறு இடத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். தோகையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் வேலை கூவுறது. யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்" என்றார்.

மணலி வாயை மூடிக்கொண்டு துறைக்குத் திரும்பினாள். பின்னாலேயே தோகையாரும் வந்தார். துறையில் நின்று, எதிர்க்கரைக்குக் கேட்கிற மாதிரி, தடையை ராகம் போட்டு அறிவித்தார். மூன்று முறை ஆடியும் காட்டினார்.

பல்லனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று சாயங்காலமே புற்றில் ஏறி, புங்கங்காடே என் பேரைச் சொல்லி நடுங்குகிறது, எனக்காகப் பாறையையே பூட்டிவிட்டார்கள் என்று முழங்கினான். அதுவரை வேடிக்கைகூடப் பார்க்க வராத உடும்புகளும் கீரிகளும் அன்றைக்கு வந்து நின்றன. கூட்டம் இரண்டு மடங்கானது.

தோகையாருக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. அடுத்த சபையில் இன்னும் உரக்கப் பேசினார். ஒருத்தனைத் தடுத்தால் போதாது, வேலங்காட்டார் யாருமே உப்புமேட்டுக்கு வரக்கூடாது, அப்போதுதான் புத்தி வரும் என்றார். சபையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மான்குட்டியின் கால் முறிந்த கோபம் எல்லாருக்கும் இருந்தது. மலையாண்டி ரொம்பநேரம் அசைபோட்டார். கடைசியில் அவரும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் முதலில் துறைக்கு வந்தது ராக்காயி என்ற கடமான். மேற்குக் கரைக்காரி. கூடவே பால்குடி மறக்காத குட்டி. பால் கொடுக்கிறவளுக்கு உப்பு இல்லாமல் முடியாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவாள். முட்டை கிடக்கும் இடம் தெரிந்து, குட்டியையும் ஒதுக்கி நடத்திக்கொண்டு போவாள். மணலிக்கு அவள்மேல் பிரியம். அவளைத்தான் இன்றைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"நான் என்ன பண்ணினேன் மணலி?" என்று கேட்டாள் ராக்காயி.

 சபையின் உத்தரவு என்று மட்டும் மணலி சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அந்தப் பல்லன் பேசுறப்போ நான் ஒரு நாளும் போய் நின்னதில்லை. அவன் சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆனா அவன் என் குட்டியைப் பட்டினி போடலையே, நீங்கதானே போட்டீங்க" என்றாள் ராக்காயி. அப்புறம் குட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் புற்றைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ராக்காயியின் காதுகள் தெரிந்தன. மணலி அதைப் பார்த்தாள். முட்டை உடைந்த அன்றுகூட அவள் இப்படிக் கலங்கவில்லை.

அடுத்த நாள் பல்லன் நாள் குறித்துவிட்டான். மூன்றாம் நாள் காலையில் வேலங்காடு முழுவதும் ஆற்றைக் கடக்கும், உப்பை நாமே எடுத்துக்கொள்வோம், குறுக்கே எது வந்தாலும் மிதிப்போம் என்றான். கூட்டம் ஓவென்று கத்தியது. முட்டை பொரிக்க இன்னும் ஆறு நாள் இருந்தது.

மணலி முட்டைகளைச் சிறகனிடம் ஒப்படைத்தாள். நேராகப் பறந்து போய் மலையாண்டியின் முதுகில் இறங்கினாள். தோகையார் பக்கத்தில்தான் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஐயா, நான் விடியக்காலையிலே முதல்லே கூவுற பேரு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மலையாண்டிக்குத் தெரியவில்லை. காதை ஆட்டினார்.

"பல்லன்! ரெண்டு மாசமா தினமும் கூவுறேன். தினமும் வந்து நம்ம சேத்துக்குட்டையிலே புரண்டுட்டுப் போறான்."

 தோகையார் மெல்லக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "பல்லன் வருது, பல்லன் வருது... ஆமாம், கேட்ட மாதிரிதான் இருக்கு" என்றார்.

மணலி எல்லாவற்றையும் கொட்டினாள். காட்டுப்பன்றிக்குக் கோடையில் சேறு இல்லாவிட்டால் உண்ணி ஏறிவிடும். வேலங்காட்டுக் குட்டை காய்ந்து வெடித்து இரண்டு மாதம் ஆகிறது. புங்கங்காட்டுக் குட்டையிலோ அடியில் ஊற்று உண்டு, கறுகறுவென்று கரிசல் சேறு வற்றவே வற்றாது. பல்லன் இந்த ரகசியத்தைத் தன் கூட்டத்துக்கே சொல்லவில்லை. அவர்களைப் புழுதியில் புரளச் சொல்லிவிட்டு, இருள் விலகுமுன் தான் மட்டும் வந்து, இருக்கிற சேற்றையெல்லாம் பூசிக்கொண்டு, திரும்பிப் போய்ப் புற்றில் ஏறி நம்மைத் திட்டுகிறான்.

"இப்போ என்ன செய்யணும்கிறே?" என்று கேட்டார் மலையாண்டி.

மணலி சொன்னாள். உப்புமேட்டை எல்லாருக்கும் இன்றைக்கே திறந்துவிட வேண்டும். சேற்றுக்குட்டையைப் பல்லனுக்கு மட்டும் மூட வேண்டும். ராகம் போட்டு அறிவிக்க வேண்டாம், அவன் முகத்துக்கு நேரே சொன்னால் போதும். தடை எப்போது விலகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். அவன் அதே புற்றின்மேல் நின்று, அதே குரலில், தான் பேசியது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கே குட்டை திறக்கும்.

அறிவிப்பு இல்லாத தடை ஒரு தடையா என்று தோகையார் முனகினார். மலையாண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. காவலுக்கு யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது, நானே போகிறேன், எனக்கும் வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியக்காலை அரையிருட்டில் பல்லன் வந்தான். "பல்லன் வருது!" என்று மணலி மூன்று தடவை கூவினாள். குட்டையை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். குட்டை நிறைய மலையாண்டி படுத்திருந்தார். கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன.

மலையாண்டி செய்தியைச் சொன்னார். தடை இன்னது, விலக வழி இன்னது, அவ்வளவுதான். பல்லன் மூக்கைச் சுளித்தான். உங்கள் நாற்றச் சேறு எவனுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனான். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை மணலி கவனித்தாள்.

அன்றே ராக்காயியை மணலி துறையிலிருந்து பேர் சொல்லி அழைத்தாள். உப்பு திறந்துவிட்டது, மூடியது எங்கள் தப்பு என்றாள். ராக்காயி குட்டியோடு வந்தாள்.  உப்பை நக்கிவிட்டுத் திரும்பும்போது முட்டை இருந்த இடத்தை எட்டிப் பார்த்தாள். "மூணுதான் இருக்கு?" என்று கேட்டாள். "மூணுதான்" என்றாள் மணலி.

இரண்டாம் நாள் பல்லனுக்கு அரிக்கத் தொடங்கியது. வேலமரத்தில் முதுகைத் தேய்த்தான். முள் குத்தியது. புழுதியில் புரண்டான். உண்ணிக்கு அது கூசவே இல்லை.

மூன்றாம் நாள் காலை வேலங்காடு முழுவதும் துறைக்கு எதிரே திரண்டுவிட்டது. மணலி முட்டைகளின்மேல் படுத்துக்கொண்டாள்.  பல்லன் புற்றில் ஏறினான்.

"நாம இன்னைக்கு..." என்று ஆரம்பித்தவன் பின்னங்காலால் காதைச் சொறிந்தான். "நாம இன்னைக்கு எல்லாரும்..." என்றவன் தொடையைக் கடித்துக்கொண்டான். அப்புறம் பொறுக்க முடியாமல் பேச்சை விட்டுவிட்டுப் புற்றின் உச்சியில் முதுகை வைத்து அழுத்தித் தேய்த்தான். சுகத்தில் கண்ணை மூடிவிட்டான். புற்றின் உச்சி பொலபொலவென்று உதிர்ந்தது. பல்லன் மண்ணோடு மண்ணாகக் கீழே வந்து விழுந்தான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ராக்காயி முன்னால் வந்தாள். விழுந்து கிடந்தவனின் காதுக்குப் பின்னால் காய்ந்து ஒட்டியிருந்ததை மோந்து பார்த்தாள்.

"ஏன் பல்லா, நம்ம காட்டிலே எல்லாம் செம்மண்ணு. உன் காதிலே கறுப்பு மண்ணு எப்படி வந்துச்சு?"

பல்லன் காதைக் கீழே மடக்கிக்கொண்டான்.

"நம்ம குட்டை காஞ்சு ரெண்டு மாசமாச்சு. இத்தனை நாள் நீ எங்கே புரண்டே?"

 பன்றிக் கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. தங்களைப் புழுதியில் புரளச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உப்புதான் திறந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஆற்றைக் கடப்பது என்று ஒரு கீரி கேட்டது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒரு குளம்புகூட ஆற்றில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் பல்லன் மூன்று நாள் வீம்பாக இருந்தான். சொறிந்து சொறிந்து தோலில் முடி இல்லை. கடைசியில் ஒரு காலையில், உச்சி உடைந்த அந்தப் புற்றில் ஏறி நின்று என்னவோ முணுமுணுத்தான்.

"கேட்கலை" என்று இக்கரையிலிருந்து கூவினாள் மணலி. "அன்னைக்குப் பேசின அதே குரல்லே சொல்லு!"

பல்லன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினான். முயலும் மானும் கிழங்கு தோண்டவில்லை, தோண்டித் தின்றது நானும் என் ஆட்களும்தான், மிதிக்கச் சொன்னது தப்பு என்றான். இரண்டு காட்டுக்கும் கேட்டது.

அன்று காலையில்தான் மூன்று முட்டையும் பொரித்திருந்தன. ஈரம் காயாத மூன்று குஞ்சுகள் கற்களுக்கு நடுவே தள்ளாடிக்கொண்டிருந்தன. உடைந்துபோன நான்காவது முட்டையின் ஓடு பக்கத்திலேயே வெளுத்துக் கிடந்தது. மணலி அதை அப்புறப்படுத்தவே இல்லை.

பல்லன் துறையில் வந்து நின்றான். செய்தி கேட்டு மலையாண்டியும் தோகையாரும் வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பேசியிருக்கிறான், இவனை இந்த ஜென்மத்துக்கும் உள்ளே விடக்கூடாது என்றார் தோகையார். மலையாண்டி மணலியைப் பார்த்தார்.

"பறிகொடுத்தவ நீ. விடலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் மணலிக்கு ஆசை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த வெளுத்த ஓட்டைப் பார்த்தாள். எதிர்க்கரையைப் பார்த்தாள். அங்கே ராக்காயியும் உடும்புகளும் கீரிகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் திறப்போம் என்றது அவள்தான். அவன் சொல்லிவிட்டான். இப்போது திறக்காவிட்டால், அடுத்து எவன் புற்றில் ஏறினாலும் இறங்கி வருவானா? புங்கங்காட்டுப் பேச்சை இனி யார் நம்புவார்கள்?

அவள் கழுத்தை நீட்டிக் கூவினாள். "பல்லன் வருது." முதல் தடவை குரல் கம்மிவிட்டது. இரண்டாவது தடவை தேறியது. மூன்றாவது தடவை காடெங்கும் கேட்டது. கிளைகளிலும் புதர்களிலும் தலைகள் நிமிர்ந்து பார்த்தன.

பல்லன் தண்ணீரைக் கடந்து கரையேறினான். குஞ்சுகளைக் கண்டதும் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினான். பக்கத்தில் கிடந்த ஓட்டையும் பார்த்தான்.

"இது?" என்றான்.

"நீ பேச ஆரம்பிச்ச மூணாம் நாள்" என்றாள் மணலி.

தூக்கிய காலைப் பல்லன் பின்னால் எடுத்து வைத்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கூழாங்கல் திட்டை முழுக்கச் சுற்றி, தூரத்து வழியாகச் சேற்றுக்குட்டைக்குப் போனான். திரும்பும்போதும் அதே வழியில்தான் போனான். அவன் நடந்த தடத்திலேயே மற்ற பன்றிகளும் நடந்தன. முதல் மழை விழுந்து, வேலங்காட்டில் ராக்காயியைத் தலைவியாக்கிய நாளில் பார்த்தால், துறையிலிருந்து ஏறும் பாதையே கூழாங்கற்களைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

பகையை மூட்டிப் பேசுகிறவனை, அவனுக்கு உறைக்கிற இடத்தில், அவனை மட்டுமே தண்டிக்க வேண்டும். அவன் தன் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டால், மனம் எரிந்தாலும் சொன்னபடி கதவைத் திறந்துவிட வேண்டும்.